எட்டடி பத்தங்குலம்

பூண்டு நிறுக்கும் தராசில்
ராத்திரி எட்டரைக்கு நான் ஏறி நின்றேன்.
எழுபத்தெட்டு.
"ஈரக்கழிவு போக எழுபத்தேழு" என்றான் சேசுராஜ்,
மூட்டைகளின் மேல் படுத்தபடியே.

மணப்பாட்டிலிருந்து லிகோரி போனில் கேட்டது
அந்த எண்ணைத்தான்.
வயதைக் கேட்கவில்லை, எத்தனை வருசப் பழக்கம் என்று கேட்கவில்லை.
"பலகைக்கு லிட்டர் கணக்கு அண்ணாச்சி.
ஒங்க கிலோவச் சொன்னாத்தான்
மெதக்குமா முங்குமான்னு நான் சொல்ல முடியும்."

என்னிடம் இருப்பது பதினொன்றரை அடி.
மன்னவனூர் ஏரியில் அதன்மேல் நின்று
துடுப்பைக் கக்கத்தில் இடுக்கி டீ குடித்திருக்கிறேன்.
ஒருமுறை கமிஷன் கடைக்காரரோடு
போனில் சண்டைகூட.
அசையாது. அவ்வளவு நல்ல பிள்ளை.

டிசம்பரில் அதைக் கடலுக்குக் கூட்டிப்போனேன்.
அலை முதுகுக்குப் பின்னால் எழுந்ததும்
நேராகப் போனது.
திரும்பு என்றேன்.
நேராகவே போனது.
மூக்கு தண்ணீரைக் குத்த
நான் மட்டும் தனியே பறந்து
உப்பும் மணலும் தின்று எழுந்தபோது
லிகோரி சிரிக்காமல் சொன்னான்:
"இது பஸ்ஸுல்லா அண்ணாச்சி. அலை, வளைவுல்லா."

வளைவு எனக்குத் தெரியாததா.
டம்டம் பாறைக்குக் கீழே
நீள லாரி ஒன்று ஒரே திருப்பத்தை
முன்னே, பின்னே, மறுபடி முன்னே என்று
மூன்று தவணையாகக் கட்டும்போது
என் ஃபோர் நாட் செவன்
பூண்டு வாசத்தை அதன் முகத்தில் வீசிவிட்டு
ஒரே ஒடிப்பில் இறங்கிவிடும்.
நீளத்தை விற்றுத்தான்
திருப்பத்தை வாங்க வேண்டும்.

எவ்வளவு விற்பது என்பதில்தான் தூக்கம் போயிற்று.

எட்டடி இரண்டு, நூற்றுப்பத்து லிட்டர்:
படத்தைப் பார்த்தாலே கெண்டைக்கால் துடிக்கிறது.
ஒன்பதடி நாலு, நூற்றைம்பது:
புத்தியுள்ளவன் வாங்குவது.
இடையில் எட்டடி பத்து, நூற்றுமுப்பது,
நடுப்பிள்ளைபோல யார் கண்ணிலும் படாமல்.

சாக்பீஸ் எடுத்துக் கிடங்குத் தரையில்
மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்தேன்.
பூண்டுத்தோல் பறந்து வந்து கோட்டில் ஒட்டியது.
சின்னதற்குள் நின்று முழங்கால் மடக்கினேன்.
இடுப்பைத் திருப்பினேன். பிரமாதம்.
தரையில் எல்லாரும் கெட்டிக்காரர்கள்.

சேசுராஜ் இறங்கி வந்தான்.
"எழுபத்தெட்ட அறுபத்தெட்டுன்னு நெனச்சு
வாங்கிப்புடாதீங்க.
வடுகபட்டில எவனாச்சும் அப்படி எடை போட்டா
நீங்க சும்மா விடுவீங்களா?"

விடமாட்டேன்.

கீழே போன வண்டி ஏறி வரும்போது
காலிச் சாக்குகளில் சுற்றி
எட்டடி பத்து வந்து சேர்ந்தது.
ஏரியில் இறக்கிய காலையில்
புல்லெல்லாம் உறைபனி.
ஏறினேன். பலகையின் விளிம்புக்கு
ஏரியே வந்து எட்டிப் பார்த்தது.
நாலு தடவை விழுந்தேன்.
பரிசல்காரர் சின்னாத்தேவர்
பீடியை எடுக்காமலே கேட்டார்:
"பழைய பலகைக்கு என்ன கொறைச்சல்?"
டீ குடிக்க அதுதான், விற்கமாட்டேன் என்றேன்.
பல் கிட்டியதில் பாதிதான் வெளியே வந்தது.

இங்கே அலை கிடையாது.
மதுரைக் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு
அவர் பரிசலைக் கிறுகிறுவெனச் சுற்ற
பிள்ளைகள் கத்தினார்கள்.
அதிலிருந்து கிளம்பி
சாண் உயரம்கூட இல்லாத ஒரு மடிப்பு
என்னைப் பார்த்து வந்தது.

பின்காலை அழுத்தினேன்.
காரட் காட்டைப் பார்த்திருந்த மூக்கு
எழும்பி,
பைன் மரங்களைப் பார்த்தது.

அதற்கப்புறம் விழுந்தது வேறு விஷயம்.

வண்டிக்குள் ஏறி, சாக்கைப் போர்த்திக்கொண்டு
மரத்த விரலால் லிகோரிக்கு
ஒரு வார்த்தை அனுப்பினேன்:
திரும்புது.